முகத்தைத் திருப்பியவள்

தில்லையம்மாள் டீச்சர் பிள்ளைகளை அடிக்கிறவர் இல்லை. அன்றைக்கு அவருக்கே பொறுமை போய்விட்டது. வாய்ப்பாடு ஒப்பிக்க எழுந்து நின்ற ரேணுகாம்பாள், ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் டீச்சரைப் பார்த்தபடி ஒப்பித்தாள். கொஞ்ச நாளாகவே இதே கதைதான்.

"என் மூஞ்சைப் பாத்துச் சொல்லு."

ரேணுகா திரும்பவில்லை. டீச்சர் கிட்டே வந்து கன்னத்தில் ஓர் அறை வைத்தார்.

"அஞ்சாங்கிளாஸ்லயே இவ்ளோ திமிரா உனக்கு?"

"திமிர் இல்ல டீச்சர்." ரேணுகாவின் கன்னம் சிவந்திருந்தது. குரல் நடுங்கவில்லை. "நேராப் பாத்தா நீங்க ரெண்டு பேரா தெரியறீங்க. இப்பிடித் திரும்பினாத்தான் ஒருத்தரா தெரியறீங்க. அடிக்க வந்த கையும் ரெண்டா வந்துச்சு. எந்தக் கைக்கு நவுர்றதுன்னு தெரில."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அவளை வெளிச்சத்துக்கு இழுத்துப்போய், கையிலிருந்த சாக்குக்கட்டியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "தலையை ஆட்டாம கண்ணால மட்டும் இதைப் பாரு." வலப்பக்கம் நகர்த்தினார். இரண்டு கண்ணும் கூடவே போயின. இடப்பக்கம் நகர்த்தினார். வலது கண் போயிற்று. இடது கண் மட்டும் நடுவில் வந்ததும் பசை போட்டு ஒட்டியது போல நின்றுவிட்டது. டீச்சர் இன்னொரு முறை செய்து பார்த்தார். பிறகு சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, தான் அடித்த கன்னத்தை ஒருதரம் தடவிக்கொடுத்தார்.

அன்று சாயங்காலமே காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ரேணுகாவின் வீட்டைத் தேடிக்கொண்டு போனார். ரேணுகாவின் அம்மா செல்லியம்மாள் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். முசரவாக்கம் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி டவுனுக்கு வந்தபோது ஒரு மாட்டையும் ஓட்டிக்கொண்டு வந்தவள். டீச்சர் சொன்னதைக் கேட்டுவிட்டு, தவிட்டுக் கையோடு மகளைக் கூப்பிட்டு விரலை ஆட்டிப் பார்த்தாள். கண் நின்ற இடத்தில் அவள் விரலும் நின்றுவிட்டது.

"எப்பலேர்ந்து இப்பிடி இருக்குது?"

"தெரிலம்மா. மாங்கா அடிக்கறப்போ குறி தப்பிக்கினே இருந்துச்சு. அப்பவே இருக்கும்."

ரேணுகாவின் அப்பா கோதண்டபாணி அதே தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். யார் என்ன சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டுகிற மனிதர். அவருக்கு அம்மா இல்லை. தூக்கி வளர்த்தது அக்கா லோகாம்பாள்தான். லோகாம்பாள் சின்ன காஞ்சிபுரத்தில் இருந்தாள். ரேணுகா பிறந்த அன்றே, இவள் என் மகன் சீனிவாசனுக்கு என்று சொல்லி வைத்தவள். சேதி கேட்டதும் ஓடி வந்தாள். மருமகளின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லோகாம்பாளின் முகம் மலர்ந்தது.

"இதுக்கா பயந்துக்கினு இருக்கீங்க? மாறுகண்ணு பொண்ணுக்கு அதிர்ஷ்டம்பா. என் வூட்டுக்கு வரும்போது லட்சுமியையும் கூட்டிக்கினு வருவா பாரு."

கோதண்டபாணிக்கு அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது. செல்லியம்மாளுக்கு இல்லை.

அந்த அதிர்ஷ்டம் ஆடி மாதம் வரைக்கும்தான். ஆடியில் தலைவலி வந்தது. ரேணுகா காலையில் எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். ஒரு வாய் தண்ணீர் கூட உள்ளே போகாமல் வாந்தி எடுப்பாள். வெயில் ஏறினால் வலி குறையும், பள்ளிக்கூடம் போவாள். ஒருநாள் டம்ளரை மேடை மேல் வைப்பதாக நினைத்துக்கொண்டு வெறும் காற்றில் வைத்தாள். பால் தரையெல்லாம் ஓடியது. லோகாம்பாள் இப்போது அதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை. காத்துக் கருப்பு என்றாள்.

"எங்க தெருப்பக்கம் மந்திரிக்கிறவர் ஒருத்தர் இருக்காரு. காதுக்குப் பின்னால மஞ்சளைச் சுட்டு வச்சார்னா எப்பேர்ப்பட்டதும் ஓடிடும். நாளைக்குக் கூட்டிக்கினு வா, கோதண்டம்."

கோதண்டபாணி தலையாட்டினார்.

லோகாம்பாள் வீட்டுக் கூடத்தில் கரிச்சட்டி கனன்றுகொண்டிருந்தது. மந்திரிக்கிறவர் மஞ்சள் கிழங்கை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினார். ரேணுகா பாயில் உட்கார்ந்து, தன் வழக்கப்படி முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்த வச்சா கண்ணு நவுருமா?" என்று கேட்டாள்.

"ஆத்தா மனசு வச்சா நவுரும்."

"நவுராட்டி?"

அவர் லோகாம்பாளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். லோகாம்பாள் பின்னாலிருந்து ரேணுகாவின் தோளை அழுத்திப் பிடித்தாள். மஞ்சள் கிழங்கு புகைந்துகொண்டே காதருகே வந்தது. ரேணுகா இரண்டு காலையும் சேர்த்து ஓர் உதை விட்டாள். கரிச்சட்டி உருண்டது. நெருப்புக் கங்குகள் கூடமெல்லாம் சிதறின. பாய் பற்றிக்கொண்டது. மந்திரிக்கிறவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தார்.

"பொட்டப் புள்ளைக்கு இவ்ளோ ஆங்காரமா!" லோகாம்பாள் கத்தினாள். "புடிடா அவளை, கோதண்டம்!"

அதுவரை கதவோரம் நின்ற செல்லியம்மாள் உள்ளே வந்தாள். பாயைச் சுருட்டி மிதித்து நெருப்பை அணைத்தாள். மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"அவ ஒண்ணு கேட்டாளே அண்ணி, அதுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க. சொன்னார்னா நானே புடிக்கறேன்."

மந்திரிக்கிறவர் குனிந்து கங்குகளை இடுக்கியால் பொறுக்க ஆரம்பித்தார். புருஷன் பின்னால் வருகிறாரா என்று கூடப் பார்க்காமல் செல்லியம்மாள் மகளோடு தெருவில் இறங்கி நடந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. நேரே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கிருந்த டாக்டர் ரேணுகாவின் கண்ணில் மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, சின்ன விளக்கால் உள்ளே வெகுநேரம் பார்த்தார். விளக்கை அணைத்ததும் பெருமூச்சு விட்டார்.

"கண்ணுல கோளாறு இல்லம்மா. கண்ணுக்குப் பின்னாடி நரம்பு வீங்கியிருக்கு. தலைக்குள்ள என்னமோ அழுத்துது. எழுதித் தர்றேன், உடனே மெட்ராஸ் போயிடுங்க. தள்ளிப் போட்டா பார்வையே போயிடும்."

மெட்ராஸுக்குக் கோதண்டபாணியும் வந்தார். கரிச்சட்டி உருண்ட நாளிலிருந்து அவர் மனைவியோடு அதிகம் பேசவில்லை. ஆனால் பஸ்ஸில் மகளின் தலையைத் தன் மடியில் வைத்து, குலுங்காமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். பிறகு கழுத்து ரத்தக் குழாயில் ஊசி போட்டு மருந்து ஏற்றிப் படம் பிடித்தார்கள். மருந்து ஏறியதும் பாதி முகத்தில் கொதிக்கிற எண்ணெயை ஊற்றியது போல இருந்தது ரேணுகாவுக்கு. சைக்கிள் கடையில் கேட்டுக் கற்றுக்கொண்ட வசவுகள் அத்தனையையும் ஒன்று விடாமல் சொல்லித் தீர்த்தாள். வெளியே நின்ற கோதண்டபாணி தலையைக் குனிந்துகொண்டார். படத்தைப் பார்க்க வந்த பெரிய டாக்டர் சாமுவேல் மட்டும் சிரித்துவிட்டார்.

"வாய்க்கு ஒண்ணும் ஆகலை," என்றார்.

மறுநாள் அவர் ரேணுகாவின் அப்பா அம்மாவை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். ரேணுகா கட்டிலை விட்டு இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து நின்றாள்.

"நீ உள்ளே போய்ப் படும்மா," என்றார் டாக்டர்.

"என் தலைதானே டாக்டர்? என்கிட்டயும் சொல்லுங்க."

டாக்டர் அவளைப் பார்த்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"சரி, கேளு. மூளைக்கு அடியில ஒரு கட்டி இருக்கு. இடது கண்ணை வெளிப்பக்கம் இழுக்கிற நரம்பு அந்த வழியாத்தான் போகுது. அதை இது அமுக்குது. அதனாலதான் அந்தக் கண்ணு அந்தப் பக்கம் போகலை. கட்டி வளருது, அதான் தலைவலி, வாந்தி. என்ன கட்டின்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

"தொறக்கலன்னா?"

"கொஞ்ச நாள்ல பார்வை போகும். அப்புறம் உயிரும் போகும்."

"தொறந்தா?"

"பிழைக்கலாம். மேஜை மேலயே ஏதாவது ஆகவும் ஆகலாம். நான் பொய் சொல்ல மாட்டேன். பிழைச்சாலும் அந்தக் கண்ணு மறுபடியும் அசையும்னு நினைக்காதே."

ரேணுகாவும் பயந்துதான் போனாள். ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். ஆனால் எழுந்து போகவில்லை.

அன்று மத்தியானம் லோகாம்பாள் காஞ்சிபுரத்திலிருந்து வந்து சேர்ந்தாள். மண்டையைத் திறக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் வார்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"என் மொதப் புள்ளையையும் இப்பிடித்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனோம். துணியில சுத்தித்தான் திருப்பிக் குடுத்தாங்க. வேணாம்பா, கோதண்டம். இருக்கற வரைக்கும் வூட்ல இருக்கட்டும். உன் அக்கா, உன் கால்ல வுழறேன்."

கோதண்டபாணி அக்காவையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார். மாடிப்படி இறங்கிப் போய்விட்டார். சம்மதக் கையெழுத்து வாங்க நர்ஸ் வந்தபோது அவரைக் காணவில்லை.

"அப்பா வரட்டும்," என்றாள் நர்ஸ்.

"வருவாரு. ஆனா கையெழுத்து நான் போடறேன்," என்றாள் செல்லியம்மாள்.

"வழக்கமா அப்பாதான்..."

"பத்து மாசம் சொமந்தது நானு. காலையில வாந்தியை ஏந்தினது நானு. அவரு வர்ற வரைக்கும் கட்டி வளராம நிக்குமா?"

லோகாம்பாள் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "புள்ளைய நீயே கொல்றே, செல்லி."

செல்லியம்மாள் தலைப்பை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "உங்க துக்கம் எனக்குப் புரியுது அண்ணி. அதுக்காக எம்பொண்ண சும்மா சாகவிட முடியாது." எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். நர்ஸ் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து ஏற்றுக்கொண்டாள்.

தலையை மழிக்க வந்தவர் இடப்பக்கம் மட்டும் எடுத்தால் போதும் என்றார்.

"பாதி வேணாம். முழுசா எடுத்துடுங்க," என்றாள் ரேணுகா. "பாதி எடுத்தா பைத்தியம்னுவாங்க. முழுசா எடுத்தா திருப்பதிக்குப் போய்ட்டு வந்தேன்னு சொல்லிக்கலாம்."

ஆபரேஷன் காலையில் தொடங்கியது. செல்லியம்மாள் தரையில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோதண்டபாணி எப்போதோ வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் ஓடிப்போய்ட்டேன்," என்றார். அவள் அவரைத் திட்டவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். சுவர் நிழல் நீண்டு எதிர்ச்சுவரைத் தொட்ட பிறகுதான் டாக்டர் சாமுவேல் வெளியே வந்தார்.

"எடுத்தாச்சு. கெட்ட கட்டி இல்லை. அந்த நரம்பு மேலயே முளைச்ச கட்டி. பெரியவங்களுக்கே அபூர்வமா வர்றது இது. குழந்தைக்கு நான் பார்த்ததே இல்லை. நரம்பைக் காப்பாத்த முடியலை. குழந்தை கண்ணு முழிக்கணும், அதுக்குத்தான் காத்திருக்கோம்."

அவள் உடனே விழிக்கவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. செல்லியம்மாள் மகளின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கும் மறுநாள் காலையில், "தேய்க்காதம்மா, எரியுது," என்று ஒரு குரல் கேட்டது. செல்லியம்மாள் அந்தக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன் மேலேயே முகத்தைப் புதைத்து அழுதாள்.

தலைவலி போய்விட்டது. வாந்தி நின்றது. ஆனால் கட்டு அவிழ்த்த அன்று எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் இரண்டாகத்தான் தெரிந்தது. டாக்டர் முன்பே சொல்லியிருந்தும், ரேணுகா உள்ளுக்குள் நம்பிக்கொண்டுதான் இருந்தாள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். யாரோடும் பேசவில்லை, சாப்பிடவில்லை. டாக்டர் வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

"கோவமா?"

"ஆமா. அவ்ளோ வலிச்சுது. அதுவாவது சரியாயிருக்கலாமில்ல?"

"ஆயிருக்கலாம். எனக்கும் வருத்தம்தான்."

அவர் வேறெதுவும் சொல்லாதது அவளுக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் போர்வையை விலக்கி, முகத்தை இடப்பக்கம் திருப்பினாள். கடிகாரம் ஒன்றானது. மணி பார்த்து, இட்லி வருமா என்று கேட்டாள்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு லோகாம்பாள் ஒருதரம்தான் வந்தாள். மொட்டைத் தலையையும், காதுக்குப் பின்னால் ஓடிய தையலையும், மூக்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த கண்ணையும் பார்த்தாள். உட்காராமலே பேசினாள்.

"சீனிவாசனுக்கு வேற எடம் பாக்கறோம், கோதண்டம். நீ தப்பா நெனைக்கக் கூடாது. நாளைக்கு நாலு பேர் முன்னாடி மணவறையில எப்பிடி உக்கார வைக்கறது?"

கோதண்டபாணி வழக்கம் போலத் தலையாட்டுவார் என்று செல்லியம்மாள் நினைத்தாள். அவர் கையில் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த டியூப் இருந்தது. அதைத் தொட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்தார்.

"பாரு அக்கா. நல்ல எடமா பாரு. ஆனா எம்பொண்ண குறை சொல்லிக்கினு இந்த வாசல்ல நிக்காதே. செத்துப் பொழைச்சு வந்திருக்கா அவ."

லோகாம்பாளிடம் அவர் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பேசி முடித்ததும் உடம்பெல்லாம் வியர்த்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ரேணுகா உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சீனிவாசனைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாங்காய் அடிக்கத் தெரியாதவன்.

பள்ளிக்கூடத்தில் மறுபடியும் சேர்த்துக்கொள்ளத் தலைமையாசிரியர் தயங்கினார். மற்ற பிள்ளைகள் பயப்படுவார்கள், ஒரு வருஷம் போகட்டும் என்றார். தில்லையம்மாள் டீச்சர் எழுந்து, "என் கிளாஸ்ல உக்காரட்டும் சார். பயப்படறவங்களை நான் பாத்துக்கறேன்," என்றார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரட்டும் என்று யாரோ சொன்னதற்கு ரேணுகாவே பதில் சொன்னாள்: "எனக்கு வெயில் கூசலியே. யாருக்குக் கூசுதோ அவங்க போட்டுக்கட்டும்."

முடி வளர்ந்தது. பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறியபோது தூரம் அதிகமானது. சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்றாள். இரண்டிரண்டாகத் தெரிகிற பெண்ணா சைக்கிள் ஓட்டுவது என்று தெருவே கேட்டது. கோதண்டபாணி ஒரு சின்ன சைக்கிளை எடுத்து, பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். விழுந்தாள். முட்டி பெயர்ந்தது. தெருவில் நெசவுக்குப் பாவு நீட்டிக் கட்டியிருந்த பட்டு இழைகளுக்குள் ஒருநாள் புகப் பார்த்தாள். நெசவுக்காரர் ஒருவர் குறுக்கே பாய்ந்து சைக்கிளைப் பிடித்து நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுநாள் முனிசிபாலிட்டி மைதானத்துக்குப் போய் ஓட்டினாள். கடைசியில் வந்துவிட்டது. எதிரே வருகிறவர்கள்தான் குழம்பினார்கள். முகம் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். மணியை விடாமல் அடித்துக்கொண்டே போவாள்.

ஆண்டுக்கு ஒருமுறை மெட்ராஸில் காட்ட வேண்டும். அவளுக்குப் பதினான்கு வயது நடந்தபோது போனார்கள். கட்டி திரும்ப வரவில்லை என்று டாக்டர் சாமுவேல் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க இந்த மாதிரி ஒண்ணைப் பார்த்ததே இல்லை. ஒரு நாழி அவங்க முன்னாடி வந்து நிக்க முடியுமா?"

"வேடிக்கை காட்டவா?" என்றாள் செல்லியம்மாள்.

ரேணுகா யோசித்தாள். "வரேன் டாக்டர். ஆனா அவங்க பேசறது எனக்கும் புரியணும்."

படிப்படியாக உயர்ந்த பெஞ்சுகளில் வெள்ளைக் கோட்டுகள் நிறைந்திருந்தன. டாக்டர் கொஞ்சம் இங்கிலீஷிலும் கொஞ்சம் தமிழிலும் விளக்கினார். நடுவில் ஒருவன் இறங்கி வந்தான். ஒன்றும் கேட்காமல் ரேணுகாவின் முகவாயைப் பிடித்து, கண் எப்படி உள்ளே ஒதுங்கியிருக்கிறது என்று மற்றவர்களுக்குக் காட்ட முகத்தை நேராகத் திருப்பினான். ரேணுகா அவன் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினாள்.

"கையை எடுங்க. கேட்டா நானே திருப்புவேன்."

அவன் டாக்டரைப் பார்த்தான்.

"என்னை ஏன் பார்க்கறே?" என்றார் டாக்டர். "அவங்களைக் கேளு."

அவன் காதெல்லாம் சிவந்தது. "முகத்தைக் கொஞ்சம் நேரா வைக்கறீங்களா?"

ரேணுகா நேராக வைத்தாள். அத்தனை பேரும் இரண்டு இரண்டாகத் தெரிந்தார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து பார்க்கும்வரை பொறுத்தாள். பிறகு தன் வசதிக்குத் திருப்பிக்கொண்டாள். மேல் பெஞ்சிலிருந்து ஒரு பெண், வலி எப்படி இருந்தது என்று கேட்டாள். இன்னொருவர், முதலில் வீட்டில் என்ன நினைத்தார்கள் என்று கேட்டார். கரிச்சட்டி உருண்டதை அவள் சொன்னபோது சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. மணி அடித்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

வெளியே வந்ததும் டாக்டர் சொன்னார்: "கண்ணுத் தசையை இழுத்துத் தைச்சா பார்க்கிறதுக்கு நேரா ஆயிடும். அசையாது, ஆனா பார்க்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. உன் அத்தைகூட என்கிட்ட ஆள் விட்டுக் கேட்டாங்க. நேராயிட்டா பழைய கல்யாணப் பேச்சை மறுபடியும் பேசலாம்னு."

செல்லியம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். அவளே சொல்லட்டும் என்று இருந்தாள்.

"அத்தைக்காக வேணாம் டாக்டர்," என்றாள் ரேணுகா. "எனக்கா என்னைக்காவது வேணும்னு தோணுச்சுன்னா வரேன். இப்போ பரீட்சை இருக்குது."

அம்மாவும் மகளும் வெயிலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள்.